செருப்பு மாட்டும்போது கேட்பது

எனக்குக் காது கேட்காது. அதனால் ஊர்வம்பு எதுவும் என்னிடமிருந்து தப்பிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையாளம் பேசுகிற ஊரில், சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்தால், எதிர்ச்சாரியில் நூல்கடைக்காரர் தன் மச்சினனைத் திட்டுவது, மருந்துக்கடை வாசலில் இரண்டு பெண்கள் மூன்றாவது ஒருத்தியின் கல்யாணத்தை அக்கக்காகப் பிரிப்பது எல்லாம் உதட்டிலிருந்தே எனக்குக் கிடைத்துவிடும். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன் வெளியே நின்று, 'பாதிக்குக் கேளு, முக்காலுக்கு முடிச்சிடலாம்' என்று கூடிப் பேசுவார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயம் அப்பாவுக்குப் போய்விடும். கடைக்கு என்னால் லாபமே தவிர நஷ்டமில்லை.

ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அதற்குள் நான் நன்றாகப் பேசப் பழகியிருந்தேன். காதைக் கொண்டுபோன காய்ச்சல் வாயை விட்டுவிட்டுப் போய்விட்டது, அங்கேதான் அதற்குப் புத்தியில்லை என்பாள் அம்மா. காதில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். தலைவலிதான் மிச்சம். உதட்டைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்காமல் போனதும் கண் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்பா பெயர் சொரிமுத்து. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். எனக்குக் காது போன வருஷம் அவர் தன் மீசையை மழித்துவிட்டார். மீசைக்குக் கீழே உதடு தெரியவில்லை என்று நான் அழுதேனாம், மறுநாள் காலையில் மீசை இல்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது மீசையை எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது, 'ஏ சொரிமுத்து, யாருக்குய்யா காரியம்?' என்று கேட்டுத் துளைத்துவிட்டார்களாம். அப்பா இன்றுவரை மீசை வைக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் நகரத்தின் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் இடம் வந்தது. எனக்கு அந்தப் படிப்புத்தான் வேண்டும். சின்ன வயதிலிருந்தே கடை வாசலில் கொண்டுவந்து கொட்டும் வாழைத்தாரையும் வெற்றிலைக் கட்டையும் பிரித்துப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவள் நான். தவிர, செடிகள் வாயைத் திறப்பதில்லை. அவற்றின் முன்னால் காது கேட்கிறவர்களும் நானும் ஒன்றுதான்.

இடம் வந்ததே தவிர உறுதியாகவில்லை. பிரின்சிபல் மேடம், "ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார். திங்கட்கிழமை அப்பாவோடு வந்து உனக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று சொல். எங்களால் முடியுமா என்று பார்த்துவிட்டு அட்மிஷனை முடிவு செய்கிறேன்" என்றார். நல்ல பெண்மணி. பேசும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். முன் பெஞ்சு. ஜன்னல் வெளிச்சம் டீச்சரின் முகத்தில் நன்றாக விழுந்தது. அவர் மென்மையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். இங்கிலீஷ்தான், ஆனால் பாடப் புத்தகத்தை முந்தின நாளே வாசித்துவிட்டுப் போயிருந்ததால் முக்கால்வாசி பிடிபட்டது. பரவாயில்லையே, சமாளித்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் டீச்சர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்து, "இல்லை, அது புல் வகைகளில் மட்டும்தான்" என்றார். எது புல் வகைகளில்? அடுத்து, "வெரி குட்" என்றார். யாருக்கு? பிறகு வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்னும் தெரியாது. மணியடித்தபோது பாடம் எனக்குள் சல்லடையாக இருந்தது.

கேள்வி இல்லாமல் பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மாடியிலிருந்து அம்மா கத்துவாள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தெருவிலிருந்து குரல் கொடுப்பார்கள். அங்கே எனக்கு எதுவும் விட்டுப்போவதில்லை. நல்ல வெளிச்சத்தில் ஒரே ஒரு டீச்சர் பேசுகிற இடத்தில் ஏன் விட்டுப்போகிறது? என்ன வேண்டும் என்று வந்து சொல் என்கிறார் பிரின்சிபல். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எனவே ஆராய்ச்சியில் இறங்கினேன். எலி நான்தான். துணைக்கு ஜிஜி.

ஜிஜி பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நர்ஸிங் படிக்க மங்களூர் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் கடையின் பின்பக்கம், சரக்கு வைக்கும் கிட்டங்கியில், அண்டாக்களுக்கு நடுவில் அவளை நிறுத்தித் தாவரவியல் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வாசித்தாள், முகம் இருட்டாகி எதுவும் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள், அதுவும் போச்சு. நேந்திரங்காய் உப்பேரி தின்றுகொண்டே வாசித்தாள், பாதி தேறியது. கடைசியில் தேங்காய் நாரைக் கிள்ளிப் பசைபோட்டு மேலுதட்டில் ஒட்டிக்கொண்டு வாசித்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. சிரித்ததில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவளுக்கு அந்த நாரைப் பிய்க்கும்போது வந்தது.

வெளிச்சம், கரும்பலகை, மீசை. இதெல்லாம் தெளிவாகிவிட்டது. கேள்வி இல்லாத பதில் மட்டும் அப்படியே நின்றது.

"பள்ளிக்கூடத்துல எனக்கு இப்படி ஆனதே இல்லியே. நீ எனக்கு என்னதான் செஞ்ச?" என்று ஜிஜியைக் கேட்டேன்.

"நான் ஒந்நும் செய்தில்லல்லோ" என்றாள். "நோட்டு தந்நு. பின்னே சும்மா அடுத்திருந்நு. அத்ரதன்னே."

ஒன்றும் செய்யவில்லையாம், நோட்டு தந்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருந்தாளாம். சும்மாவா இருந்தாள்? வகுப்பில் அவள் முழங்கை ஒரு நிமிஷம் அடங்காது. இந்தப் பக்கம் ஓர் இடி, அந்தப் பக்கம் ஓர் இடி. என் விலா எலும்புக்கு வாய் இருந்தால் அது தனிக்கதை சொல்லும். கோபம் வந்தால் நானும் திருப்பி இடிப்பேன். அவளுக்கு அது பிறவிக் குணம் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு கையிலும் தட்டுகளை மோவாய் வரை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தவர், முகவாயை வலப்பக்கம் வெட்டினார். திரும்பினேன். ஒரு பெண் இட்லிக் கொப்பரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே விலை கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். அடுக்கியது போதும் என்று அப்பாவுக்கும் சாடை காட்டிவிட்டு மறுபடியும் ஆராய்ச்சியில் மூழ்கினேன். கண்ணில் கிடந்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற ஆட்களைப் பார்த்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது நான் கண்டுபிடித்தவற்றை அப்பாவிடம் சொன்னேன். முன் பெஞ்சு வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக்கூடாது. நாளைய பாடம் எது என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"எதுக்குட்டி இதெல்லாம் கேட்டுக்கிட்டு?" என்றாள் அம்மா. அவள் பெயர் பேச்சி, பெயருக்கேற்ற வாய். "இதுவும் வேணும் அதுவும் வேணும்னு கேட்டா, இவ வேண்டாம்னு சொல்லிருவாங்க. போயி வாய மூடிக்கிட்டு இரி. ஜிஜி மாதிரி எவளாச்சும் பக்கத்துல வருவா."

"நீ சும்மா கெட" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, சோற்றை உருட்டியபடியே, "கேக்கணும் மக்ளே. ஆனா கேக்கதுக்கு ஒரு மொற உண்டு. நம்ம கடையில நல்லா வாங்கத் தெரிஞ்சவன் என்ன செய்வான்?" என்றார்.

"பேரம் பேசுவான்."

"அதுக்கு முன்ன? அவனுக்கு வேண்டியது ஒரு சின்ன சட்டி. அத ஏறெடுத்தும் பாக்க மாட்டான். நேரா போயி மேலடுக்குல இருக்க அண்டாவ எறக்கச் சொல்லுவான். வெல கேப்பான். கொறைய்யி கொறைய்யின்னு உயிர எடுப்பான். பொறவு, வேண்டாம்னு வெச்சிட்டு வெளிய போயி செருப்ப மாட்டுவான். மாட்டிக்கிட்டே, போற போக்குல, 'ஆமா, அந்தச் சின்ன சட்டி என்ன வெல?'ன்னு கேப்பான் பாரு, அவனுக்குத்தான் நான் அசல் வெலையில கொடுப்பேன். அண்டாதான் போகல, சட்டியாவது போட்டும்னு மனசு எறங்கிரும், கேட்டியா?"

"அப்ப நாளைக்கு?"

"அண்டாவ நான் கேக்கேன். சட்டிய நீ செருப்பு மாட்டும்போது கேளு."

எனக்கு அது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. சாலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தெரியும்? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை அம்மா, "வெறுங்கையோட போகக்கூடாது" என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பா அடுக்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அப்பா அதைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பிரின்சிபல் அறை வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினோம். அப்பா இரண்டு ஜோடியையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். போகும்போது மாட்ட வசதியாம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மேடம் பொட்டலத்தைப் பார்த்ததும், "அதெல்லாம் கூடாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழே வைக்கவும் மனசில்லாமல் அப்பா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் பீரோ ஓரம் நின்று, உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் தாவரவியல் துறைத் தலைவர் தாணுலிங்கம் சார். நாகர்கோவில்காரர். அவருடைய மீசையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அப்படியொரு செழிப்பான மீசை. நாகர்கோவில் மண்ணில் எது நட்டாலும் வளரும் போலிருக்கிறது.

மேடம் மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன். "சரி, சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன வேணும்?"

அப்பா அண்டாவை இறக்கினார். "மேடமே, இவளுக்குன்னு தனியா ஒரு டீச்சர் வேணும்."

மேடம் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பொறவு, ரெண்டாம் பாஷ பரீட்ச வேண்டாம். லேபுல கூட நின்னு பாக்கதுக்கு ஒரு ஆளு. பரீட்ச எழுத தனி ரூமு. அப்பறம் கிளாஸ்ல எல்லாரும் பேசுததயும் எழுதிக் கொடுக்க ஒரு ஆளு." நடு ராத்திரியில் விழித்து யோசித்தார் போல, எனக்கே தெரியாத அண்டா எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இப்போது அவர் 'இதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி, கொஞ்சம் குறைங்க' என்று சொல்ல வேண்டும். அப்பா குறைக்க வேண்டும். பிறகு செருப்பு. நான் காலைக்கூட லேசாக நகர்த்தினேன்.

மேடம் பேனாவை மூடினார். "இவ்வளவும் வேணும்னா, மன்னிக்கணும், எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. இருக்குன்னு சொல்லி ஏமாத்த நான் விரும்பல. பிள்ளைக்கு இந்த கோர்ஸ் சரியாகாது. வீட்டிலிருந்தே படிச்சு பிரைவேட்டா பி.ஏ. எழுதட்டும். வகுப்பு கிடையாது, லேப் கிடையாது, யார் பேசறதையும் கேட்க வேண்டாம். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்பா முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சாலையில் விலை படியாவிட்டால் ஆள் போவான், அவ்வளவுதான். அடுத்த கடை இருக்கும், அல்லது அதே ஆள் நாளைக்கு வருவான். பேரம் பேசினதற்காகக் கடையையே இழுத்துப் பூட்டுகிறவர்களை அவர் பார்த்ததில்லை. டப்பாப் பொட்டலத்தை இறுக்கியதில் செய்தித்தாள் கிழிந்தது. எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தைவிட அந்த முகத்தைப் பார்த்து வந்த துக்கம்தான் பெரிதாக இருந்தது. வீட்டிலிருந்து படிப்பதாம். செடியும் மைக்ரோஸ்கோப்பும் இங்கே இருக்கும், நான் அங்கே முக்காலியில் இருப்பேன்.

அப்பாவின் முகவாய் பின்பக்கம் வெட்டியது. திரும்பினேன். தாணுலிங்கம் சார் பேசிக்கொண்டிருந்தார். மீசைக்கு அடியிலிருந்து பாதிச் சொல்தான் வந்தது, மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

"…லேபுல தீ எரியும், ஆசிட் இருக்கும். பின்னால நின்னு 'ஏ பிள்ள, அத அணை'ன்னு சத்தம் போட்டா இவளுக்குத் தெரியுமா மேடம்?"

"சத்தம் போட்டா தெரியாது சார், தோளத் தட்டுனா தெரியும்" என்றேன். "காது கேக்க பிள்ளைகளே டீச்சர் கத்துனா திரும்பறதில்ல."

முகவாய் முன்பக்கம். மேடம். "தோளைத் தட்ட ஆசிரியர் எப்பவும் பக்கத்தில் இருக்க முடியுமா?"

"லேபுல ரெண்டு ரெண்டு பேராத்தான நிப்பாங்க மேடம். அந்த இன்னொருத்தி தட்டட்டும்."

முகவாய் பின்பக்கம். சார். "அவ தட்டலன்னா?"

"அவளுக்கும்தான சார் ஆசிட்டு."

சாரின் மீசை லேசாக அசைந்தது. சிரித்தாரோ என்னவோ, அந்தக் காட்டுக்குள் யார் கண்டது. முகவாய் இடப்பக்கம், வாசலில் கிளார்க் ஏதோ கேட்டார். முகவாய் முன்பக்கம், மேடம் அவருக்குப் 'பிறகு வாங்க' என்றார். நான் அங்கும் இங்கும் திரும்பித் திரும்பி, ஒன்றும் விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தேன். பதில்கள் மட்டுமல்ல, கேள்விகளும் வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்குத் தலையில் விழுந்தது. யார் பேசுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரிகிறது?

அப்பாவைப் பார்த்தேன். பாவம், அவர் கண் தரையில் இருந்தது. மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆனால் முகவாய் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் எப்போதும் பாத்திரம் இருக்கிற மனிதருக்கு, காது கேட்காத மகளிடம் யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்ட வேறு எதுவும் மிச்சமில்லை. கடையில், வீட்டில், கல்யாண வீட்டில், எங்கும். நான் அதைப் பார்த்தது கண்ணால். தெரிந்துகொண்டது இப்போதுதான். ஜிஜியின் முழங்கை! இடமா வலமா என்று அவள் இடித்தது விளையாட்டில்லை, பேசுகிறவர் இருக்கிற பக்கத்தைக் காட்டியது. அது அவளுக்கே தெரிந்திருக்காது.

"கெடச்சிருச்சு!" என்றேன். என் குரல் எந்த அளவில் வரும் என்று எனக்குத் தெரியாது. போன கிளார்க் திரும்பி எட்டிப் பார்த்ததை வைத்து, நன்றாகவே வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். கிளாஸ்ல யார் பேசினாலும், டீச்சர் பதில் சொல்றதுக்கு முன்னால அந்தப் பிள்ளையக் கையால காட்டணும். அவ்வளவுதான். யாருன்னு தெரிஞ்சா போதும், என்னன்னு நான் பாத்துக்குவேன்."

மேடம் நெற்றியைச் சுருக்கினார். "அது மட்டுமா?"

"நம்பலன்னா சோதிச்சுப் பாருங்க. அப்பா, நீங்க அந்தப் பொட்டலத்துல முகத்தக் கவுத்துக்கோங்க. அசையக்கூடாது."

அப்பா ஒன்றும் புரியாமல், சொன்னபடியே டப்பாமேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ நடந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேடம் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சார் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரே?" என்றார்.

"பாத்தீங்களா. இப்ப நீங்க காட்டுங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காதால் பின்பக்கம் காட்டினார். திரும்பினேன். சார் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார். "இது என்ன குடும்பம்?"

சங்குபுஷ்பம். காய்ந்தும் நீலம் போகவில்லை. "அவரைக் குடும்பம் சார். ஃபாபேசி."

மேடத்துக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கிளார்க்கைக் கூப்பிட்டு வாசல் பக்கத்திலிருந்து பேச வைத்தார், கண்ணாடியால் காட்டினார். சாரை ஜன்னலோரம் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளைகள் மாதிரி அறைக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி காட்டியபோதெல்லாம் சொன்னேன். காட்டாமல் விட்டபோதெல்லாம் விழித்தேன்.

"அப்ப உங்கப்பா கேட்டாரே, தனி டீச்சர், தனி ரூம்?"

"அதெல்லாம் அண்டா மேடம்."

"என்னது?"

அண்டாவையும் சட்டியையும் செருப்பையும் சொன்னேன். மேடம் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, மூடிய பேனாவைத் திறந்தார். "முன் பெஞ்சும் உண்டு. கரும்பலகையோட யாரும் பேசமாட்டாங்க, நான் சொல்லிடறேன். கை காட்டறதை நானே முதல் வகுப்பில் வந்து காட்டித் தர்றேன். நாளைக்கே வா."

பொட்டலத்தில் கவிழ்ந்திருந்த அப்பாவின் தோளைத் தட்டினேன். நிமிர்ந்தார். நெற்றியில் டப்பா மூடியின் வட்டம் பதிந்திருந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் மேடத்தைக் கும்பிடப் பார்த்தார், கை பொட்டலத்தில் இருந்ததால் தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

வாசலில் வந்து செருப்பை மாட்டினோம். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக இருந்தபோது அப்பா திரும்பினார்.

"ஆமா சாரே" என்றார் தாணுலிங்கம் சாரைப் பார்த்து, போகிற போக்கில் கேட்கிறவர் மாதிரி. "அந்த மீசய மட்டும் கொஞ்சம் எடுத்தீங்கன்னா, பிள்ளைக்கு நல்லாயிருக்கும்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சாரின் கை தானாக மீசைக்குப் போனது. "என்னய்யா சொல்லுதீரு? எங்க அம்மை இருக்காவ. மீசய மழிச்சிட்டு ஊருக்குப் போனா என்னன்னு கேப்பானுவ?"

"யாருக்குக் காரியம்னு கேப்பாங்க" என்றார் அப்பா. "என்னையும் கேட்டாங்க சாரே. எங்க அம்மையும் அப்ப இருந்தா."

சார் அப்பாவின் வெறும் மேலுதட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மழிக்க மாட்டேன்" என்றார். "உதடு தெரியும்படியா வெட்டிக்கிடுதேன். போதுமா?"

"மதி சாரே, போதும்" என்றார் அப்பா. பாதிக்குப் படிந்தது. படிய வைத்த சந்தோஷத்தில் அவர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

பஸ்ஸில் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். முகவாய் விஷயம் அவருக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. "நானா? எப்பவும் அப்படியா செய்யுதேன்?" என்று தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தெரியாமல் செய்ததை இனி தெரிந்தே செய்வது என்று முடிவு கட்டிவிட்டார் போலும். கிழக்கேகோட்டையில் இறங்கியதும் தொடங்கினார். கிழிந்த பொட்டலத்தை அணைத்தபடி முகவாயை மேலே வெட்டினார். பார்த்தேன், ஒரு காக்கை. இடப்பக்கம், லாட்டரிச் சீட்டு விற்கிற வண்டியின் ஒலிபெருக்கி. வலப்பக்கம், கண்டக்டர் விசில். பின்னால், யாரோ தும்மினார்கள்.

"அப்பா, தும்மல் எனக்கு வேண்டாம்."

"இருக்கட்டும். கெடக்கட்டும்."

கடைக்கு நேர்வழியில் போகாமல் குளத்தையொட்டிய தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வீட்டுக்குள் குக்கர். ஒரு மாடியில் துணி துவைக்கிறார்கள். ஒரு சைக்கிளுக்குச் செயினில் எண்ணெய் போடவில்லை. இத்தனை வருஷம் நான் நடந்த தெருதான். இவ்வளவு கூட்டம் அதில் இருந்தது எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாததைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தெருவின் பாதியில் அப்பா நின்றார். முகவாயை உயர்த்தி, முன்னும் பின்னும் மேலும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் சுற்றிப் பார்த்தேன். மதிய வெயில். சாத்திய கதவுகள். குளத்தில் தண்ணீர் அசையவில்லை.

"என்னப்பா? எங்க?"

"ஒண்ணுமில்ல மக்ளே" என்றார். "இப்ப ஒரு சத்தமும் இல்ல. அதயும் சொல்லணும்லா."

அந்தத் தெருவில் அந்த நேரத்தில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே அளவுதான் கேட்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அப்பாவின் முகவாய் இடப்பக்கம் திரும்பியது. ஓர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது, ஓரமாக ஒதுங்கினோம்.